அக்கி இல்லை என்று சொன்ன ரிப்போர்ட்

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூர் பக்கத்து மத்திகிரிக்குப் போயிருந்தேன். கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் செல்வம் - பேரை மாற்றியிருக்கிறேன், அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன் - அங்கே வாடகை ரூமில் இருக்கிறான். தை மாதம் கல்யாணம். பொண்ணு காவேரிப்பட்டணம்.

வாசலிலேயே கையில் பேப்பரோடு நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, அக்கி இல்ல. லேப்ல தெளிவா போட்டுட்டான். இல்லவே இல்ல."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டான். வீட்டு ஓனர் ஜெயம்மா முறம் நிறைய அரிசியோடு வந்துவிட்டார்.

"ஏனப்பா செல்வா, அக்கி இல்லேன்னா நம்மகிட்ட கேக்கக் கூடாதா? கல்யாணப் பையன் பட்டினி கிடக்கலாமா? தகோ."

அந்த அம்மா வீட்டில் பேசுவது கன்னடம். கன்னடத்தில் அக்கி என்றால் அரிசி, தகோ என்றால் வாங்கிக்கோ. செல்வம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டான். வேறு என்ன செய்வான்... நான் சொன்னது வேற அக்கி என்று அவரிடம் விளக்க முடியுமா?

பிள்ளைகளே, உங்களுக்கு விளக்கத்தான் வேண்டும். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற வயசு வந்துவிட்டது. அப்பாவே கூச்சப்பட்டால் யார் சொல்வது? நான் பத்தாவது வரை படித்தவன். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

அதற்கு முந்தின வாரம் நண்பர்களோடு பெங்களூர் போன செல்வம், அங்கே ஒரு பெண்ணோடு இருந்திருக்கிறான். பாதுகாப்பு எதுவும் இல்லாமல். திரும்பி வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஹெர்ப்பீஸ் என்று ஒரு நோய், அந்தரங்க இடத்தில் கொப்புளம் வரும் என்று யாரோ சொல்ல, நம்ம அக்கிதானே அது என்று இவனே முடிவு கட்டி, லேபுக்கு ஓடி ரத்தம் கொடுத்துவிட்டான். ரிசல்ட் நெகட்டிவ். ஆளுக்கு உயிர் வந்துவிட்டது.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அதற்குள் எப்படித் தெரியும்? மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் ஓசூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார்.

"நீ சொல்ற அக்கி வேற, இது வேற. ரெண்டும் ஒரே கிருமிக் குடும்பம், அவ்வளவுதான். இந்த டெஸ்ட் கிருமியைத் தேடறதில்லப்பா. கிருமி வந்தா அதை எதிர்க்க உடம்பு ஒண்ணு உண்டாக்கும், அதைத் தேடுது. அது ரத்தத்துல தெரியறதுக்குப் பல வாரம் ஆகும். மூணு மாசம் கழிச்சு எடுத்தாத்தான் ஓரளவு நம்பலாம்."

"அப்ப இந்த நெகட்டிவ்?"

"பெங்களூர் போறதுக்கு முன்னாடி இருந்த செல்வத்துக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுது."

"பாசிட்டிவ்னு வந்தா உறுதிங்களா?"

"லேசா வந்தா அதுவும் தப்பா இருக்கலாம், இன்னொரு தடவை வேற முறையில பார்க்கணும். எந்த டைப் ஹெர்ப்பீஸ்னு பிரிச்சுச் சொல்ற ஐஜிஜி டெஸ்ட் எடு. ஐஜிஎம்னு இன்னொண்ணு இருக்கு, அதை நம்ப முடியாது, அதை எடுத்துட்டு வந்து என் உயிரை வாங்காத. நடுவுல கொப்புளம், புண்ணு வந்தா காத்திருக்காம அன்னிக்கே வா, அதுலயே எடுத்துப் பார்த்துடலாம். எச்ஐவி மாதிரி மத்ததுக்கும் எப்பப்ப எடுக்கணும்னு சொல்றேன். ஹெர்ப்பீஸே வந்தாலும் உலகம் முடிஞ்சுடல. மாத்திரை இருக்கு, கல்யாணம் இருக்கு, குழந்தை இருக்கு. ஆனா கட்டிக்கப் போற பொண்ணுக்குத் தெரியணும்."

செல்வம் முகம் தொங்கிப்போனது. "கல்யாணம் அடுத்த மாசம் டாக்டர்."

"அதுக்கு நான் மருந்து எழுத முடியாது. நீதான் பேசணும்."

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"சொன்னா எல்லாம் போயிடும்ணா."

"சொல்லாம கட்டி, அந்தப் புள்ளைக்கு வந்துட்டா?"

டீயைப் பாதியில் வைத்தான். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் நடந்தான். திரும்பி வந்து, "எல்லாம் சொல்லிட்டேன். கட் பண்ணிட்டா" என்றான்.

கட்டிக்கப்போகிற பொண்ணு சுதாவுக்கு வேலை கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக் கூழ் கம்பெனியில், தரம் பார்க்கிற லேபில். மறுநாள் லஞ்ச் டைமில் அவளே கூப்பிட்டாள். செல்வம் தனியாகக் கேட்கத் தைரியமில்லாமல், "பக்கத்துல அண்ணன் இருக்காரு" என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"இருக்கட்டும். கோவம் இன்னும் போகல, அது தனி. எங்க கம்பெனியில கூழை டப்பாவுல அடைச்ச அன்னிக்கே லாரி ஏத்த மாட்டோம். வச்சிருந்து, உள்ள கெட்டு டப்பா வீங்குதான்னு பார்த்துத்தான் அனுப்புவோம். மொத நாளே பார்த்து நல்ல டப்பான்னு சொன்னா என்னை வேலையை விட்டே தூக்கிடுவாங்க. கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளிக்கலாம், டெஸ்ட் எடுத்துப் பார்க்கிற வரைக்கும் உங்களையும் குடோன்ல வச்சிருக்கேன்."

"பாசிட்டிவ்னு வந்தா?"



"ரெண்டு பேரும் சேர்ந்து போயி அந்த டாக்டரக் கேப்போம். நீங்க சொல்லாம இருந்திருந்தாத்தான் ரிஜெக்ட்டு."

போன் வைத்ததும் செல்வம் சிரித்தானா அழுதானா, எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டுக் கேரியரை மட்டும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான்.

நமக்கெல்லாம் 'இல்லை' என்ற பதில் உடனே வேண்டும். 'இன்னும் தெரியவில்லை' என்பதும் ஒரு பதில்தான், பிள்ளைகளே. அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க, பக்கத்தில் உண்மை தெரிந்த ஒரு ஆள் இருந்தால் போதும்.

கல்யாணம் தள்ளிப்போனதற்கு இரண்டு வீட்டிலும் என்ன சொன்னார்கள் என்கிறீர்களா? கம்பெனியில் லீவு இல்லை - ஓசூர்ப் பக்கம் மறுகேள்வியே கேட்காமல் நம்பப்படுகிற ஒரே காரணம்!