சரசம்மாவின் பெட்டியில் நிறைந்த சாமிகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வள்ளியூரிலிருந்து மலையாள நாட்டுக்கு வந்து, தம்பானூரில் ஓட்டலில் எச்சில் இலை எடுத்தேன். பிறகு அதே தெருவில் சொந்தமாக மெஸ் வைத்தேன். மெஸ்ஸுக்கு மேலேயே வீடும் கட்டினேன். எங்கள் தெருவில் முதன்முதலில் பிராட்பேண்ட் வந்ததும் என் வீட்டுக்குத்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் இப்போது எழுத வந்தது சரசம்மாவைப் பற்றி.

சரசம்மாவுக்குப் பூதப்பாண்டிப் பக்கம். புருஷன் லாட்ஜில் வாட்ச்மேனாக இருந்து செத்துப் போனான். அன்றிலிருந்து என் மெஸ்ஸில் மாவாட்டுகிறாள். பின்கட்டில் ஓர் அறையில் இருக்கிறாள். மாவாட்டிய கையை வைத்தே மகள் பொன்செல்வியை நர்ஸுக்குப் படிக்க வைத்தாள். பொன்செல்வி வித்துராவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். தூக்கமில்லாத வேலை, அதற்கேற்ற சம்பளம் கிடையாது. மஸ்கட்டுக்குப் போய்விட்டால் அம்மாவை மாவு மெஷினிலிருந்து எழுப்பிவிடலாம் என்பது அவள் கணக்கு.

என் மகன் பெங்களூர் போகுமுன் சரசம்மா பேரில் ஓர் ஈமெயில் திறந்து கொடுத்திருந்தான். பம்பாயில் இருக்கும் அவள் அக்காள் மகன் வெள்ளிக்கிழமைதோறும் அதில் ஒரு சாமி படம் அனுப்புவான். முருகன், நாகராஜா, மணியடித்துக்கொண்டே திறக்கும் பிள்ளையார் என்று வரும். வேலை முடிந்து குளித்துவிட்டு மேலே வருவாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் நின்றபடியே படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள்.

மஸ்கட் ஆஸ்பத்திரிக்கும் பொன்செல்வி அந்த முகவரியைத்தான் கொடுத்திருந்தாள். ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் ஆள் அனுப்புகிற ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. "ஆஸ்பத்திரில வேலை உத்தரவை ஈமெயில்ல அனுப்பினாங்க, திரும்பி வந்துடுச்சு. முகவரியை இனி மாத்த முடியாது. நாளைக்கு இன்னொரு தடவை அனுப்புவாங்க. அதுவும் திரும்பினா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

கம்ப்யூட்டரைத் திறந்தால் மோடத்தில் ஒரு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. இடி இடித்தாலே எல்லா வயரையும் பிடுங்கிவிடுவது எங்கள் வழக்கம். பிடுங்கினேன், மாட்டினேன், அணைத்தேன், போட்டேன். சரசம்மா ஈரக் கையோடு படியேறி வந்து பார்ப்பாள், இறங்கிப் போவாள்.

"கிட்டுமா அண்ணாச்சி?"

"என் லைன்ல வராம எங்க போவும்?"

டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஹரிகுமாரை வரவழைத்தேன். என் மெஸ்ஸில் பல வருஷம் சாப்பிடுகிற லைன்மேன். நனைந்த சட்டையோடு வந்து வயரை மாடியிலிருந்து கல்லா வரைக்கும் தடவினான். கல்லா மேசையில் நான் இழுத்து வைத்திருந்த இரண்டாவது போனைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"அண்ணாச்சி, இது சாம்பார் விளம்புற மாதிரியல்லவா, ஒரே வாளியிலருந்து எல்லாருக்கும் ஊத்துறது. இங்க போன் அடிச்சா அங்க நெட் போகும்."

"ரெண்டு போன் வெச்சிருக்கறவன் இந்தத் தெருவில வேற எவன் இருக்கான், சொல்லு."

"அதுதான் பிரச்னையே," என்று சொல்லி, போனுக்கு முன்னால், போனையும் நெட்டையும் பிரிக்கிற ஒரு சின்ன பில்டரை மாட்டினான். விளக்கு பச்சையில் நின்றது. இனி எந்த மழைக்கும் என் லைன் அசையாது என்று கல்லாவில் வந்தவன் போனவனிடமெல்லாம் சொன்னேன்.

மறுநாள் காலை வித்துரா பஸ்ஸில் பொன்செல்வி வந்து இறங்கினாள். நைட் டூட்டி முடித்த கண்கள். வந்ததும் ஈமெயிலைத் திறந்தாள். மேலே ஏதோ சிவப்பில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. அது எத்தனை நாளாக அங்கே இருக்கிறதோ. எனக்கும் சரசம்மாவுக்கும் அது படிக்கத் தெரியாது.

"மாமா, லைன்ல ஒண்ணும் இல்ல. பெட்டி நிறைஞ்சாச்சு. ஒரு கடுதாசி கொள்ள இடமில்ல. அம்மா, இத்தனை சாமியையும் ஒண்ணுகூட அழிக்காம வெச்சிருக்கியா?"

"சாமியை எப்பிடிட்டி அழிக்க?"

பழைய சாமி காலண்டரைக்கூட அவள் குப்பையில் போட்டதில்லை. எங்கள் ஆட்கள் யாரும் போட மாட்டோம். அரசமரத்தடியில் நாகர் கல் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு வருவோம். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பிள்ளையார் இருந்தால் அதற்கும் அதே மரியாதைதான்.

"உனக்கு நான் வேணுமா, சாமி வேணுமா?" என்றாள் பொன்செல்வி.

சரசம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அதுகளைக் கும்பிட்டுத்தானே உன்ன இம்புட்டு ஆக்கினேன். இப்போ உனக்காக அதுகளை மாய்ச்சுக் களையச் சொல்லுதியே." அவள் அழவில்லை. அழுவதற்கும் அவளிடம் தெம்பு மிச்சமில்லை என்று தோன்றியது.

படித்தவர்கள் இதற்கு என்ன செய்வார்களோ எனக்குத் தெரியாது. நான் என் புத்தியில் பட்டதைச் செய்தேன். ஸ்டேஷன் எதிரிலிருந்த கம்ப்யூட்டர் கடைக்கு இரண்டு பேரையும் கூட்டிப்போய், ஒரு சாமி விடாமல் கலரில் அச்செடுக்கச் சொன்னேன்.

"மணி அடிக்கிற பிள்ளையார்?" என்று கேட்டாள் சரசம்மா.

"படம் இதுல இருக்கு. மணியை நான் கோயில்ல அடிச்சுக்கிடுதேன், போதுமா?"

அவ்வளவு களைப்பிலும் சிரித்துவிட்டாள். அச்செடுத்த தாள்கட்டை முந்தானையில் பொதிந்து கொண்டுபோய் மழை சொட்டும் அரசமரத்தடியில் வைத்தாள். நான் மணியடித்தேன். திரும்பி வந்து, மகள் காட்டிய, படத்தை அழிக்கிற பட்டனை அவளே அமுக்கினாள். ஒவ்வொரு தடவையும் விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாயங்காலம் உத்தரவு வந்தது.

பொன்செல்வி மஸ்கட் போய்ச் சேர்ந்தாள். இறங்கியதும் இரண்டு வரி எழுதினாள். பிறகு ஒன்றும் இல்லை. அங்கே டூட்டி அப்படி என்று கேள்வி. பம்பாய்க்காரனிடம் இனிப் படம் அனுப்பாதே என்று சரசம்மாவே சொல்லிவிட்டிருந்தாள். மாவு மெஷினும் இன்னும் அவள் கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு மேலே வந்தாள். எப்போதும் நிற்பவள் அன்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, பெட்டி பின்னயும் நிறைஞ்சு போச்சோ? அதாக்கும் பிள்ளை எழுதினது வராததுக்குக் காரணம்?"

பார்த்தேன். பெட்டியில் அந்த இரண்டு வரி மட்டும் இருந்தது.

"லைன் சரியில்ல, சரசம்மா."

"பச்சை எரியுதே."

"எரியும். எரிஞ்சாலும் வராது. நம்ம லைன் எப்பவும் இப்பிடித்தான், மழை பெஞ்சா போச்சு. ஹரிகுமாரை வரச் சொல்லுதேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து, ஊறின அரிசியைக் களைய இறங்கிப் போனாள்.