கெங்கம்மாள் வீட்டுப் புளியமரம்

அர்ச்சுனனுக்கு அந்த மலையில் நாற்பது வீடுகளைத் தெரியும். உள்ளே போய் உட்காரக்கூடிய வீடு ஒன்றே ஒன்றுதான். அது கெங்கம்மாள் வீடு.

சண்டை சச்சரவு என்று எதுவும் கிடையாது. அவர்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வீட்டை ஒட்டி வளர்ந்த மரத்தை எவன் வெட்டுகிறானோ, அவன் அந்த வீட்டு வேலியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. அடிக்கட்டை துளிர்த்தால்தான் மரத்தின் மனக்குறை தீர்ந்ததாக அர்த்தம். துளிரை வீட்டுக்காரர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த அன்றே வெட்டியவனைத் தேடிப்போய் அழைத்து வந்து, அடுப்படியில் உட்கார வைத்துச் சோறு போட வேண்டும். காட்டு மரத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வீட்டு மரம் வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்தது, அதற்கு ஆள் அடையாளம் தெரியும் என்பார்கள்.

வெட்டிய மரம் துளிர்க்கும். ஆனால் அர்ச்சுனன் வெட்டியதெல்லாம் புயலில் சாய்ந்தவை, வேர் பறிந்து கூரைமேல் படுத்தவை. அவை எங்கே துளிர்ப்பது? இருபது வருஷத்தில் ஒவ்வொரு காற்றுக்கும் ஒன்றிரண்டு வீடுகள் என்று அவனுக்கு அடைபட்டுக்கொண்டே வந்தன.

அவன் இந்த வேலைக்கு வந்து சேர்ந்ததும் ஒரு காற்றால்தான். கல்யாணமான இரண்டாம் வருஷம் அவன் மனைவி ரத்தினம்மாளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. டோலி கட்டிக் கீழே ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி இறக்கத்திலேயே தூக்கி வந்தவர்களுக்குத் தோளில் பாரம் மாறியது தெரிந்துவிட்டது. அப்படியே திரும்பி ஏறினார்கள். அந்த வருஷத்து ஆடிக்காற்றில் ஒரு மாமரம் பிளந்து ஒரு வீட்டின்மேல் தொங்கியது. பிள்ளைகுட்டிக்காரர்கள் எவரும் கோடாலியைத் தொடவில்லை. பொண்டாட்டி பிள்ளை இல்லாதவனை மரம் என்ன செய்துவிடும் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். சொன்னவர் யாரென்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கோடாலியை எடுத்துக்கொண்டு ஏறினான்.

ஊர் அவனை ஒதுக்கியது என்று சொல்லிவிட முடியாது. வழியில் பார்த்தால் நின்று பேசுவார்கள், பீடி கொடுப்பார்கள். கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வரும், பந்தலில் இலையும் உண்டு. ஒரு கல்யாணத்தில் பாதிப் பந்தியில் மழை பிடித்துக்கொண்டது. அத்தனை பேரும் இலையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள். அர்ச்சுனன் பலா மரத்தடியில் இலையைக் கையில் ஏந்தி நின்றான். உள்ளேயிருந்து சிரிப்பும் பேச்சுமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நனைந்த சோற்றை அவன் கடைசிவரை சாப்பிட்டு முடித்தான்.

கெங்கம்மாள் அவன் கூட்டாளியின் மனைவி. கூட்டாளி போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாயிற்று. மகன் அமிர்தியில் காட்டு வேலைக்குப் போய், மாதம் ஒருமுறை ஊருக்கு வருவான். மேற்கே வேலிக்கு வெளியே ஒரு புளியமரம், எந்தக் காற்றுக்கும் அசையாமல் நின்றிருந்தது. அந்த ஒரு மரத்தின் தயவில் அர்ச்சுனன் சாயங்காலம் போய் அவள் அடுப்புக்கு எதிரே உட்காருவான். அவள் களி கிண்டிக்கொண்டே பேசுவாள். மருமகன் சரியில்லாதது, இடுப்புவலி, கனவில் வந்த அம்மா என்று எல்லாம் வரும். அவன் ‘ம்’ கொட்டுவான். இருட்டுவதற்குள் தன் குடிசைக்குத் திரும்பிவிடுவான்.

எண்பத்து நாலாம் வருஷம் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காற்று திசை மாறி அடித்தது. மறுநாள் காலையில் ஊர்ப் பையன் பழனி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அர்ச்சுனன் குடிசைக்கு வந்தான்.

“மாமா, ஒரு மரம் சாஞ்சிக் கீது.”

“யாரு வூட்டுது?”

பழனி தரையைப் பார்த்தான். அர்ச்சுனன் கோடாலியையும் வடக்கயிற்றையும் எடுத்துக்கொண்டான்.

புளியமரம் மேற்குப் பக்கத்து வேரெல்லாம் மண்ணோடு பெயர்ந்து, கிழக்கே கெங்கம்மாள் வீட்டின்மேல் சாய்ந்திருந்தது. பெரிய கவைக்கிளை ஒன்று மண்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. அது வழுக்கினால் கூரை மட்டமாகிவிடும். கெங்கம்மாளின் மகள் செந்தாமரை பிள்ளை பெற்று ஒன்பது நாள். தீட்டுக் கழியாத பச்சை உடம்புக்காரியை வேறு வீட்டில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். ஆட்டுக் கொட்டகையில் ஈரத் தரையில் சாக்கு விரித்துத் தாயும் பிள்ளையும் கிடந்தார்கள். குழந்தை அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது. வேலிக்கு வெளியே மரத்தடியில் கெங்கம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

“நீ வெட்டாதண்ணா. கீழருந்து ஆளு கூட்டியாரச் சொல்லிக் கீறேன்.”

“ஓடையில தண்ணி போவுது. நாலு நாளைக்கு எவனும் ஏற முடியாது. கொயந்த தாங்காது.”

அவள் மரத்தைப் பார்த்தாள், கொட்டகையைப் பார்த்தாள். பிறகு, கேட்கக்கூடாததைக் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

“அப்பறம் நீ எங்க வந்து குந்துவ?”

“கட்ட துளுக்கும்.”

“சாஞ்ச மரம் எங்கண்ணா துளுக்கும்?”

அவன் கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தை மூன்று முறை தட்டினான். மரத்தில் குடியிருப்பது எதுவானாலும் இறங்கிப் போகட்டும் என்று எப்போதும் சொல்வதைச் சொன்னான்.

முதலில் கூரைக்கு அப்பால் நீண்டிருந்த கிளைகளை நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்தான். பிறகு கவையில் வடத்தைக் கட்டி, பக்கத்துப் பலாவில் இரண்டு சுற்று சுற்றி, மறுமுனையை நான்கு பேரிடம் கொடுத்தான். அவன் வெட்ட வெட்ட அவர்கள் கயிற்றைச் சாண் சாணாக விட்டார்கள். கவை ஒரு ஓலையைக்கூட முறிக்காமல் முற்றத்தில் இறங்கியது. அதற்குள் உச்சிப்பொழுது தாண்டிவிட்டது.

மிச்சம் இருந்தது அடிமரம். எப்போதும் முழங்கால் உயரத்தில் வெட்டுகிறவன் அன்று மார்பு உயரத்தில் கோடாலி போட்டான். நல்ல கட்டையை வீணாக்குகிறானே என்று கயிறு பிடித்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் காதில் வாங்கவில்லை. கிழக்குப் பக்கத்து வேர் இன்னும் மண்ணுக்குள் இருப்பதை அவன் காலையிலேயே குனிந்து பார்த்திருந்தான். மேல்பாரம் போனால் பெயர்ந்த வேர் தன் குழிக்கே திரும்பி விழும். அப்படித் திரும்பும்போது குழிக்குள் ஆள் நின்றால் அள்ளிப் புதைத்துவிடும். எல்லோரையும் மேட்டுக்கு விரட்டிவிட்டுத் தனியாக வெட்டினான்.

கடைசி வெட்டில் மரம் நழுவித் தரையில் விழுந்தது. அதே நொடியில் மண்பாளம் பொத்தென்று குழியில் உட்கார, கட்டை விருட்டென்று நிமிர்ந்தது.

“எந்திரிச்சி நின்னுக்கிச்சி மாமா,” என்று பழனி சிரித்தான்.

அர்ச்சுனன் சிரிக்கவில்லை. மண்ணை வாரி வேர்மேல் போட்டு, சந்து இல்லாமல் மிதித்தான். மிதித்து முடித்து நிமிர்ந்தபோது கெங்கம்மாள் மகளையும் பிள்ளையையும் அணைத்தபடி வீட்டுக்குள் கூட்டிப் போய்க்கொண்டிருந்தாள். தீட்டுக் கழிந்து பதினோராம் நாள் வந்து குழந்தை முகம் பார்ப்பதாக அவன் சொல்லியிருந்தான். துணியில் சுற்றிய மூட்டைதான் அன்று கண்ணில் பட்டது. கெங்கம்மாள் நிலைப்படியில் நின்று ஒருமுறை திரும்பினாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே பச்சைக் குழந்தை இருந்தது, கட்டுப்பாட்டை மீறிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வராது. அது அவனுக்கும் தெரியும்.

சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை. வேலிக்கு வெளியே ஒரு கல்லின்மேல் களியும் கீரையும் இலையில் வைத்துவிட்டுப் போவாள். வாசலில் நின்றபடி பேசவும் செய்தாள். ஆனால் அத்தனை தூரத்துக்கு இரைந்துதான் பேச வேண்டும். இரைந்து பேசினால் என்ன பேச முடியும்? மழை வருமா, ஆடு ஈன்றதா, சாமை எத்தனை மூட்டை. மருமகன் கடிதமே போடாததையும் மகள் இரவெல்லாம் விழித்திருப்பதையும் ஊர் கேட்கச் சொல்ல முடியாது. தை முடிவதற்குள் அவர்கள் பேச்சு, “சாப்டியா?” “ஆச்சி” என்று சுருங்கிவிட்டது.

மாசி போயிற்று, பங்குனி போயிற்று. அர்ச்சுனன் தினமும் அந்தக் கட்டையைக் கடக்கும்போது நடையைக் குறைப்பான். கருத்த பட்டை, வேறொன்றுமில்லை. உயரம் தோதாக இருக்கிறதென்று கெங்கம்மாள் தன் ஆட்டை அதில்தான் கட்டி வைத்தாள்.

சித்திரையில் முதல் மழை பெய்து நாலைந்து நாள் கழித்து, கட்டையின் தெற்குப் பக்கத்தில் எதையோ பார்த்து அவன் நின்றான். குனிந்து விரலால் தடவினான். பட்டையைக் கிழித்துக்கொண்டு ஈர்க்குப் போல ஏதோ வெளியே வந்திருந்தது. பச்சை ஈரம் காயவில்லை, நுனி இல்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஏழு இருந்தன, ஏழும் கடிபட்டவை.

ஆடு அவனைப் பார்த்து அசைபோட்டது.

கூப்பிட்டுச் சொல்லலாமா என்று வாசலைப் பார்த்தான். துளிரை வீட்டார் பார்க்க வேண்டும், வெட்டியவன் காட்டக்கூடாது. அதிலும் இங்கே காட்ட இருப்பது வெறும் காம்பு. அடுப்படிக் களிக்கு ஆசைப்பட்டுக் கதை கட்டுகிறான் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அவனால் தாங்க முடியாது. ஓடைக்கரைக்குப் போய் இலந்தை முள்ளாகப் பார்த்து ஒரு கட்டு வெட்டி இழுத்துவந்தான். கட்டையைச் சுற்றி அடுக்க ஆரம்பித்தான். ஆடு கத்தியது. கெங்கம்மாள் பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“இன்னாண்ணா பண்ற?”

“ஆடு மேயுது.”

“கட்டையில இன்னா கீது மேயறதுக்கு?”

அவன் கையை மட்டும் அந்த இடத்திலிருந்து எடுத்தான். அவள் வேலி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுற்றி வெளியே வந்து, ஆட்டை அவிழ்த்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டிக் கொட்டகைப் பக்கம் இழுத்துப் போனாள். வா என்று கூப்பிடவில்லை. கூப்பிடத் துளிர் இல்லை. குழந்தை மட்டும் அவள் தோளுக்கு மேலாக அவனையே பார்த்துக்கொண்டு போனது. பெண் குழந்தை, கெங்கம்மாளின் மூக்கு.

கொட்டகையிலிருந்து அவள் இரைந்து கேட்டாள்.

“எத்தினி நாளாவும்?”

“மழ பேஞ்சா பத்து நாளு.”

அன்று மழை இல்லை. மறுநாள் விடிந்ததும் அவன் ஊற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கிக்கொண்டு போனான். முள்ளுக்குள்ளே கட்டையைச் சுற்றி மண் அதற்குள் நனைந்திருந்தது. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தன் குடத்தையும் ஊற்றிவிட்டுத் திரும்பி நடந்தான்.