பட்டர் பன்னும் முதல் இலையும்

அண்ணே, நீங்கள் பார்த்தீர்கள். பார்த்ததோடு விடவில்லை, பாலில் தொட்டுக் கொடுக்கச் சொன்னதும் நீங்கள்தான். அப்புறம் கோயில் வாசலில் அத்தனை பேர் முன்னால் ஒன்றும் தெரியாதவர் மாதிரி நின்று, என் மனைவி மேல் பழியைப் போட்டீர்கள்.

நானும் அங்கேதான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதனால் உங்களைத் திட்ட எனக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது. அந்தப் பாதியை எடுத்துக்கொள்கிறேன்.

படிக்கிறவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. நான், மனைவி, ஒரு நாய். வெள்ளைப் பொமரேனியன், ஒரு தலையணை அளவுதான் இருக்கும். மகள் வேலை கிடைத்து ஓசூர் போனபோது எங்களிடம் விட்டுப் போனது. அதற்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்தது என் மனைவி என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பொய். இருவரும் சேர்ந்துதான் கெடுத்தோம். இட்லியை உதிர்த்து, நெய் விட்டு, கையில் வைத்து நீட்டினால்தான் தின்னும். தட்டில் வைத்தால் தட்டையும் நம்மையும் மாறி மாறிப் பார்க்கும். புளித்த மாவு இட்லி என்றால் மோந்துவிட்டு நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஃபேனுக்கு நேர் கீழே அதன் படுக்கை. எனக்குச் சுவரோரம்.

ஆட்டோவில் ஓரத்தில்தான் உட்காரும். முகத்தில் காற்றுப் பட வேண்டும். சந்து முனை ஆட்டோக்காரர், "அண்ணே, மொதலாளி ஏறிட்டாரா? அவரு உக்காரட்டும், அப்பறம் நீங்க ஏறுங்க" என்பார்.

எங்கள் குலதெய்வம் கருப்பு. கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கோயில். வருசத்துக்கு ஒரு முறை, மாசியில் பங்காளிகள் கூடிக் கிடா வெட்டிப் படையல் போடுவோம். கருப்புக்குத் துணை நாய். அதனால் படையல் முடிந்ததும் முதல் இலை நாய்க்குத்தான். சோறும் ஈரலும் வைப்பார்கள். நாய் வாய் வைத்த பிறகே மனிதர்களுக்குப் பந்தி. அன்று காலையிலிருந்து அந்த நாயும் தண்ணீரைத் தவிர எதையும் தொட்டிருக்கக் கூடாது. கோயிலடியிலேயே கிடந்த ஒரு செவலை நாய்தான் பல வருசம் அந்த இலையைத் தின்றது. போன மாசிக்குக் கொஞ்சம் முன்னால் அதை லாரி அடித்துவிட்டது.

பெரியப்பா மகனான இந்த அண்ணன்தான் எங்களில் மூத்தவர். சாமிப்பெட்டிச் சாவி அவரிடம். விபூதித் தட்டும் அவர் கையில்தான். அவரும் மதுரையில்தான் இருக்கிறார். போனில் கூப்பிட்டார்.

"ஏப்பா, ஒன் வீட்டு நாயக் கொண்டா. அதுவும் நாய்தானே?"

என் மனைவிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரியாது. நாய்க்கு நெய் இட்லியாம் என்று இந்தப் பங்காளி வீட்டுப் பெண்கள்தான் விசேஷ வீடுகளில் அவள் காதுபடச் சிரித்தவர்கள். இப்போது அதே நாய் சாமி இலையில் சாப்பிடப் போகிறது. ஏழு நாள் விரதம் இருந்தாள். நாயை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினாள். அதன் முடி மாம்பழ நிறத்துக்கு வந்துவிட்டது.

படையலன்று காலை அண்ணன் மாட்டுத்தாவணியில் எங்களோடு சேர்ந்துகொண்டார். மாலை வாங்க மனைவி பூ மார்க்கெட்டுக்குள் போனாள். நானும் அண்ணனும் ஒரு டீக்கடை முன்னால் நின்றோம். ஒயர் கூடைக்குள் நாய் பசியில் அழுதது. முன்காலால் என் சட்டையைப் பிடித்து இழுத்தது. போகிறவர்கள் எல்லாரும் நான் ஏதோ கொடுமை செய்கிற மாதிரித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு பட்டர் பன் வாங்கினேன். அண்ணன் முகத்தைப் பார்த்தேன்.

"சின்ன உசுருக்கு என்னப்பா வெரதம்? குடு, குடு."

முதல் துண்டு தொண்டையில் சிக்கி இருமியது. அண்ணனே ஒரு பால் சொன்னார். "இதுல தொட்டுக் குடுப்பா, லேசா எறங்கும்." ஒரு பன் போனது. இன்னொன்றும் போனது. "ஒம் பொண்டாட்டி வாரதுக்குள்ள வாயத் தொடச்சுவிடு" என்றார். என் துண்டால் துடைத்தேன். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும்போதெல்லாம் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். கூடை மேல் மாலைப் பொட்டலத்தை வைத்து மூடினோம். மேலூர் தாண்டியதும் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. கண்டக்டர் வந்து நின்றார்.

"அண்ணே, கூடையில என்ன?"

"சாமிக்குப் பூ."

"ஒங்க பூ கொலைக்குதேண்ணே!"

பஸ்ஸே சிரித்தது. மனைவி விஷயத்தைச் சொன்னாள். அவர் பொட்டலத்தை நகர்த்தி உள்ளே பார்த்தார். "சாமி நாய்ங்கிறீக, இம்புட்டு மஞ்சளாவா இருக்கும்?" என்று சிரித்துவிட்டுப் போனார். அவள் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை மகள் வேலைக்குப் போன அன்றுதான் பார்த்திருக்கிறேன்.

உச்சிவெயிலில் இலை போட்டார்கள். நாய் போனது, மோந்தது, திரும்பி வந்து அவள் காலடியில் படுத்தது. தூக்கிக்கொண்டு போய் விட்டார்கள். மறுபடி வந்தது. மூன்றாவது முறை அவளே ஈரல் துண்டை எடுத்து ஊட்டக் குனிந்தாள்.

"கை வைக்காத தாயி, சாமி எலை" என்றார் அண்ணன்.

பசியோடு அத்தனை வீட்டு ஆட்களும் நிற்கிறார்கள். பின்னாலிருந்து ஒரு பெண், "வெரதம் ஒழுங்கா இருந்தாளாமா?" என்றாள். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வீட்டுல கொற இருந்தா சாமி எப்புடி வாங்கும்? அடுத்த படையல் வரைக்கும் இந்தப் பிள்ள பொங்கப்பானையத் தொட வேணாம்."

"நான் சுத்தமாத்தான் இருந்தேன் மாமா" என்றாள். என்னைப் பார்த்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் புளியமரத்தைப் பார்த்தார்.

ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. பசியில் நிற்கிற கூட்டம் என்னைக் காறித் துப்பும் என்று பயம். இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை. அண்ணனுக்கு விபூதித் தட்டு கைவிட்டுப் போய்விடும் என்று பயம். கடைசியில் எங்கிருந்தோ வந்த ஒரு நாய் இலையை நக்கியது, பந்தி நடந்தது. நான் கறியை மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றேன். அவள் சாப்பிடவில்லை.

அதன் பிறகு அவள் இட்லி உதிர்ப்பதை நிறுத்திவிட்டாள். தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் ஊட்டினேன். நாய் அவள் போன கதவைப் பார்த்துக்கொண்டே தின்றது. ஒரு வளைகாப்பில் சந்தனக் கிண்ணம் அவள் கைக்கு வராமல் அடுத்தவளுக்குத் தாவியது. வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்: "நாலாம் நாளு எதுத்த வீட்டுல காப்பி குடிச்சேன். அதுவா இருக்குமோ?"

"விடு" என்றேன். தெரிந்துகொண்டே அப்படிச் சொன்னேன். பன் கொடுத்ததுகூடப் பரவாயில்லை, அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

போன வாரம் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தன பன்னு?"

"ரெண்டு."

"ரெண்டு பன்னுக்கு ஒரு வருசம் என்னைய யோசிக்க விட்டுட்டீக." பாத்திரத்தை மூடி வைத்தாள். பிறகு, "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அம்புட்டுப் பேரு முன்னாடிதானே என்னைய நிப்பாட்டுனீக. அங்க சொல்லுங்க. ஒங்க அண்ணனும் சொல்லட்டும்" என்றாள்.

நாய் வாசற்படியில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தது. அவள் அதைத் தூக்கவில்லை. ஆனால் விரட்டவும் இல்லை.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "படையல் நேரத்துல பழசக் கிண்டாதப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணே, மாசி வருகிறது. முதல் இலை போடும் முன்னால் நான் எழுந்து, பன் வாங்கிக் கொடுத்தவன் நான் என்று சொல்லப் போகிறேன். துப்புகிறவர்கள் துப்பட்டும். அப்போது நீங்கள் புளியமரத்தைப் பார்க்கக் கூடாது. விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, கடைசியில் நிற்கிறவருக்கும் கேட்கிற மாதிரிப் பதில் சொல்லுங்கள்: அன்றைக்கு டீக்கடையில் பால் சொன்னது யார்?