பிரெஞ்சு மிஷினுக்கு ஆள் பிடித்த கதை

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய மறு வருஷம் என் டைப்ரைட்டிங் வகுப்பில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். இருந்தவை நான்கு மிஷின்கள், நான்குமே பிரெஞ்சு மிஷின்கள். இனி எல்லாம் இங்கிலீஷ்தான் என்று ஊரில் எவனாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சைக்கிளை எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டை முதல் வீராம்பட்டினம் வரை நோட்டீஸ் கொடுத்தேன்.

"பிரெஞ்சு மிஷின்ல கை பழகிட்டா வேற எந்த மிஷினும் தன்னால வந்துரும்" என்று வாய் கூசாமல் சொன்னேன். இரண்டிலும் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். பிரெஞ்சு மிஷினில் 'ஏ' இருக்கும் இடத்தில் இங்கிலீஷ் மிஷினில் 'க்யூ' இருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

என்னை நம்பி வந்தவர்களில் ஒருவன் வீராம்பட்டினத்து மீனவன். கல்யாணமானவன். அண்ணனைக் கடலில் பறிகொடுத்த பிறகு அலைச் சத்தம் கேட்டாலே அவனுக்கு உடம்பு நடுங்கியது. அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தால் கடலுக்குப் போக வேண்டாம். அவன் கேட்டது அவ்வளவுதான்.

என் வகுப்பில் என்னை 'ஐயா' என்று கூப்பிடக் கூடாது, பிரெஞ்சில் 'முசியே' என்றுதான் கூப்பிட வேண்டும். எழுத்துக் கட்டைகளைப் பார்த்து அடிக்கவும் கூடாது. கைகளின் மேல் துண்டைப் போர்த்திவிடுவேன். விரல் தப்பினால் துண்டின் மேலேயே ரூல்தடியால் ஒரு போடு. வலை இழுத்த கை லேசில் படியவில்லை. நகக்கண்ணில் ரத்தம் கட்டும்வரை அடித்தேன். ஆறு மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு டைப் அடித்தான். எனக்கு அவ்வளவு பெருமை.

அரசாங்க டைப்பிஸ்ட் பரீட்சையில் வைத்திருந்தவை இங்கிலீஷ் மிஷின்கள். 'ஏ' விழ வேண்டிய இடமெல்லாம் 'க்யூ' விழுந்தது. அடி வாங்கிப் பழகிய விரல், அவன் எவ்வளவு முயன்றும் மாறவில்லை. பாதியிலேயே எழுப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று மத்தியானமே வந்தான். வந்த வேகத்தில் என் கன்னத்தில் அறைந்தான். கீழே விழுந்தேன்.

"தெரிஞ்சேதான சொன்னீங்க, முசியே?"

ஒரு மிஷினைத் தூக்கித் தரையில் அடித்தான். அடுத்ததையும் அடித்தான். மூன்றாவதில் கை வைத்தபோது நான் பாய்ந்து பிடித்தேன். இருவரும் கட்டிப் புரண்டோம். எழுந்திருக்க அவன் இடது கையை மேஜை விளிம்பில் ஊன்றினான். எனக்கு வெறி ஏறியிருந்தது. மேஜை மேலிருந்த மிஷினை அந்தக் கையின் மேல் சாய்த்து முழு பலத்தோடு அழுத்தினேன். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. கை தவறி நடந்ததல்ல அது.

சத்தம் கேட்டுச் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் உள்ளே வந்தார். நான் வாயைத் திறக்கும் முன் அவன் முந்திக்கொண்டான்.

"ஒண்ணுமில்லீங்க. மிஷினத் தூக்கி வெக்கும்போது நழுவிடுச்சி."

அவர் போனதும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"போலீஸ் கேசுன்னு ஆயிட்டா கவர்மெண்ட்டு வேல குடுக்க மாட்டாங்க, முசியே." வேட்டி முனையால் கையைச் சுற்றிக்கொண்டான். ரத்தம் அதையும் நனைத்துக்கொண்டு சொட்டியது. "அடுத்த பரீட்ச எப்பன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அந்த விரல்கள் இனி மடங்கப்போவதில்லை என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"கேட்டுச் சொல்றேன்பா" என்றேன்.