அத்தான் கைவைத்த போல்ட்

என் அக்கா புருஷன் தியாகராசனுக்குச் சந்தேகம் என்பது மூச்சு விடுவது மாதிரி. கும்பகோணத்தில் வெற்றிலை வாங்கினால் கவுளிக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார். டாக்டர் எழுதிய மாத்திரையை இரண்டு மருந்துக்கடையில் காட்டி, இரண்டு பேரும் சரி என்று சொன்னால், எல்லோரும் கூட்டு என்று முடிவு கட்டிவிடுவார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று அக்கா மாலதி சொன்னால், தானே போய்ப் பார்த்துவிட்டு வருவார். தண்ணீர் வந்திருக்கும். அப்போதும் முகம் தெளியாது. உழைப்பாளி, குடி கிடையாது. ஆனால் அவரோடு ஒருநாள் இருந்தால் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

போன கார்த்திகை மழையில் அவருடைய சம்பா வயல் மூழ்கிவிட்டது. நட்டுக் கொஞ்ச நாளே ஆன பயிர். வடிகாலும் நிரம்பி நின்றதால் தண்ணீர் தானாக வடியவில்லை. என்ஜின் வைத்து இறைக்காவிட்டால் அத்தனையும் அழுகிவிடும். அந்த நேரம் பார்த்து டீசல் என்ஜின் படுத்துக்கொண்டது.

நீடாமங்கலத்திலிருந்து மெக்கானிக் ஆல்பினை நான்தான் அழைத்துவந்தேன். இறுகிப்போன போல்ட்டைக் கழற்றுவதில் கெட்டிக்காரர். என்ஜினை வீட்டு வாசலுக்கு இழுத்துவந்து, அதன் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றப் பார்த்தார். மற்ற போல்ட்டுகள் வந்துவிட்டன. ஒன்று மட்டும் துருவேறி அசையவில்லை. அதன் மேல் மண்ணெண்ணெயை ஊற்றினார்.

"இது ஊறணும்ணே. காலையில வந்து எடுக்கிறேன். அதுவரைக்கும் யாரும் ஸ்பானர் போடாதீங்க, முறிஞ்சிரும். அடுத்தவங்க முறிச்சதை நான் தொடமாட்டேன். தொட்டா, நாந்தான் முறிச்சேன்னு பேராயிடுது."

கிளம்பிப் போனவரின் பைக் தெருமுனையில் அரவிந்தன் வீட்டு வாசலில் நின்றது. அரவிந்தனுக்கும் அத்தானுக்கும் வரப்புத் தகராறு.

"பாத்தியா? அவன் என்ஜினை மொதல்ல முடிக்கத்தான் நம்மள ஊறப்போட்டிருக்கான். இறுகவும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் அத்தான்.

"சும்மா இருங்க அத்தான்" என்றேன். நான் சொல்லி அவர் என்றைக்குக் கேட்டார்? ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினார். போல்ட் தலை முறிந்து தரையில் விழுந்தது. வாசற்படியில் நின்று பார்த்த அக்கா உள்ளே போய்விட்டாள்.

காலையில் ஆல்பின் குனிந்து பார்த்தார். முறிந்த இடம் புத்தம் புதிதாகப் பளபளத்தது.

"யாரு கை வச்சது?"

"யாரும் வைக்கல. நேத்து நீதான் முறிச்சு வச்சுட்டுப் போயிருப்பே" என்றார் அத்தான், கூசாமல்.

ஆல்பின் பையை எடுத்தார். அவர் போனால் பயிர் போச்சு. உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அப்போது அக்கா முன்னால் வந்தாள்.

"நாந்தான் தம்பி. பயிரு அழுகுதேங்கிற வயித்தெரிச்சல்ல குழாயைப் போட்டுத் திருப்பிப்புட்டேன். இவங்களுக்குத் தெரியாது. மனசுல வச்சுக்காதீங்க."

"ஒத்துக்கிட்டீங்கள்ல, அது போதும்க்கா" என்றார் ஆல்பின். பிறகு பையைக் கீழே வைத்தார்.

ஹெட்டைத் தூக்கியதும் போல்ட்டின் மிச்சத் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்தார். சூட்டோடு மெழுகுவத்தியைத் தேய்த்தார். மெழுகு உருகி உள்ளே இறங்கியது. பிறகு அந்த நட்டில் ஸ்பானரைப் போட்டு, முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்தார். அத்தான் குத்துக்காலிட்டு, அவர் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. துண்டு சுழன்று வெளியே வந்தது.

உள்ளே இருந்த பழுதையும் சரிசெய்து மூட்ட, மத்தியானம் வயலில் என்ஜின் ஓடியது. சாயங்காலத்துக்குள் பயிரின் நுனி வெளியே தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தான் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"மாப்ள, கவனிச்சியா? ஒங்கக்கா யோசிக்கக்கூட இல்ல, சட்டுன்னு சொல்லிட்டா. இப்படிப் பொய் சொல்ல எப்பப் பழகுனா? எங்கிட்ட இன்னும் என்னென்ன சொல்லி வச்சிருக்காளோ."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைச் சேற்றில் தள்ளியிருப்பேன். அதற்குள் சோற்றுத் தூக்கோடு அக்கா பின்னாலேயே வந்துவிட்டாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"கல்யாணம் ஆன நாளா ஒங்ககிட்ட நெசத்தைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். ஒண்ணையாவது நம்புனீங்களா? இன்னிக்கு ஒரே ஒரு பொய் சொன்னேன். யாரோ எவரோ, அந்தத் தம்பி நம்பிட்டாரு."

தூக்கை வரப்பில் வைத்துவிட்டு நடந்தாள்.  அன்றைக்கு அந்தச் சோற்றை அத்தான் தொடவில்லை.