ஐந்தருவியில் நான் எடுத்த கழுத்து நெட்டி

பிரியா, வேணி... உங்கள் அப்பாவாகிய நான் ஒரு மனிதரின் கழுத்தை வெடுக்கென்று திருப்பினேன். அவருக்கு உள்ளே என்ன ஆகிறது என்று தெரிந்தும், ‘ஒன்றுமில்லை, பித்தம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்தே சொன்னேன்.

தோள்வலியால்தான் நான் ஐந்தருவியில் எண்ணெய் தேய்க்கும் வேலையை விட்டேன் என்று நம்பியிருக்கிறீர்கள். எனக்குத் தோள்வலி என்றைக்குமே இருந்ததில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தேய்த்து முடித்ததும் நெட்டி எடுக்க வேண்டும். முதலில் விரல்கள், பிறகு முதுகு, கடைசியில் கழுத்து. தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. ‘படக்’ என்று சத்தம் கேட்டால்தான் வந்தவருக்குத் திருப்தி. கேட்காவிட்டால் ஏமாற்றிவிட்டது போலப் பார்ப்பார். சத்தம் கேட்டபின் எழுந்து நேரே அருவிக்குப் போய்விடுவார்.

பிரியா, பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு லீவில் நீ வந்திருந்தாய். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, என் கழுத்தின் இரண்டு பக்கமும் பேனாவால் கோடு போட்டாய்.

“அப்பா, மூளைக்குப் போற ரத்தக்குழா இந்த எலும்பு ஓட்டைக்குள்ள கூடித்தான் போகுது. வெடுக்குனு திருப்புனா உள்ள கிழிஞ்சிரும். கழுத்துல மட்டும் நெட்டி எடுக்காதீய.”

“இத்தன வருசத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலயே, ஏட்டி.”

“ஆனவங்க திரும்பி வந்து உங்ககிட்ட சொல்லுவாங்களாக்கும்?”

ஆகிவிட்டால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். தலை சுற்றும், வாந்தி வரும், ஒரு பக்கத்து இமை இறங்கும், நாக்கு குழறும் என்றாய். அப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்றாய். என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னாய். ஒன்று விடாமல் சொன்னேன். வேணி பக்கத்தில் இருந்து சிரித்தாள்.

“அப்பா பாஸாயிட்டாவ. அடுத்த வருசம் காலேஜ்ல சேத்து விட்டுருவோம்.”

இனிக் கழுத்தைத் தொடுவதில்லை என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன்.

சீசன் வந்தது. நான் கழுத்தைத் தொடவில்லை. பக்கத்துப் பலகையில் தேய்க்கும் மாடசாமி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: “அண்ணாச்சி இப்ப அரை டாக்டருல்லா. கழுத்தத் தொடணும்னா மககிட்ட சீட்டு வாங்கணும்.” சிரித்தார்கள். என் பலகையில் படுத்தவர்கள் எழுந்ததும், கழுத்துக்கு மட்டும் அவனிடம் போனார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை... பயத்தைவிட அந்த வெட்கம் பெரிதாக இருந்தது.

அந்தச் சீசனில் ஒருநாள் மதுரைக்காரர் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் நனைந்த தலையோடு காத்து நின்றார்கள். தேய்த்து முடித்தேன்.

“என்னண்ணே, கழுத்த விட்டுட்டீக?”

மாடசாமி அந்தப் பக்கமிருந்து, “இங்கன வாங்க சார், நான் எடுத்துவிடுதேன்” என்றான்.

நான் அவர் தாடையைப் பிடித்துவிட்டேன். சத்தம் வந்தது... நல்ல சத்தம். மாடசாமியைப் பார்த்தேன். ஆமாம், அவனைத்தான் முதலில் பார்த்தேன், என் கைக்குள் இருந்த மனிதரை அல்ல!

அவர் எழுந்தார். தூணைப் பிடித்துக்கொண்டார். தரை சுற்றுகிறது என்றார். குனிந்து வாந்தி எடுத்தார். நிமிர்ந்தபோது அவருடைய இடது இமை பாதி இறங்கியிருந்தது.

பிரியா, உன் குரல் என் காதுக்குள் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“அண்ணே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமா?” என்று அந்தம்மா என்னைத்தான் கேட்டார்.

“பித்தம்தான்மா. எண்ணெச்சூடு. தலையில தண்ணி விழுந்தா தெளிஞ்சிரும்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? ஆஸ்பத்திரி என்றால் ‘யார் செய்தது’ என்று கேட்பார்கள். போலீஸ் வரும். ‘மகள் பிசியோதெரபி படிக்கிறாளாமே’ என்று உன் கல்லூரி வரைக்கும் போகும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் என் தலையில் ஓடியது. அந்த மனிதர் மட்டும் அதில் இல்லை.

அவர்கள் அருவியை நோக்கி நடந்தார்கள். அவருடைய ஒரு கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவருக்கு அது தெரியவில்லை. நான் எண்ணெய் பாட்டில்களைக் கட்டிக்கொண்டு தென்காசி பஸ் ஏறினேன்.

பிறகுதான் தோள்வலி என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்க்கு நீ வைத்தியம் பார்த்தாய். பிளாஸ்டிக் அளவுகோலை என் தோளில் வைத்து, “எது வரைக்கும் தூக்க முடியுதோ தூக்குங்கப்பா” என்றாய். பாதியில் நிறுத்தினேன். “வலி பத்துக்கு எத்தன?” என்றாய். ஏழு என்றேன். அதை உன் கேஸ் ரெக்கார்டில் எழுதினாய். ஒவ்வொரு லீவிலும் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினேன். உன் கையால் ஓர் ஆள் குணமானது என்று நீ சந்தோஷப்பட்டாய்... அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடு, பிரியா.

இப்போது நீ பக்கவாத வார்டில் பயிற்சியில் இருக்கிறாய். போன வாரம் போனில் சொன்னாய், “மதுரைக்காரர் ஒருத்தருப்பா, ஒரு பக்கம் விளங்கல. சின்ன வயசுதான்.”

“எப்படி ஆச்சாம்?” என்றேன்.

“பைக்குல விழுந்தாராம். ஏன்ப்பா மூச்சு வாங்குதிய?”

பைக்கில் விழுந்தார் என்றதும் எனக்கு நிம்மதி வந்தது. ஒரு மனிதர் விழுந்து கிடப்பதைக் கேட்டு நிம்மதி! அன்றைக்குத்தான் என்னை நினைத்தே எனக்குப் பயம் வந்தது.

வேணி, நீயும் இந்த வருஷம் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு எழுதிப் போட்டிருக்கிறாய். நீங்கள் படிப்பதை வீட்டில் வந்து சொல்லிக் கொடுத்தால், கேட்பவர் திருந்திவிடுவார் என்று நம்பிவிடாதீர்கள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மாடசாமியாக இருந்தால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அந்த வழியும் இல்லை.

இதுவரை எழுதி வைத்த மறுநாள் காலை, யாரிடமும் சொல்லாமல், தென்காசி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். விசாரணை வரிசையில் நின்றேன். அன்றைய தேதியைச் சொல்லி, அருவியிலிருந்து யாரையாவது கொண்டுவந்தார்களா என்று கேட்டேன்.

“பேரு சொல்லுங்க” என்றார் உள்ளே இருந்த பெண்.

அரை மணி நேரம் அந்த உடம்பைத் தேய்த்திருக்கிறேன். பெயரைக் கேட்கவே இல்லை.

“நீங்க அவருக்கு என்ன வேணும்?”

ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தேன். பின்னால் நின்றவருக்கு வழி விட்டு நகர்ந்தேன்.