கூறைச் சேலையும் தண்டவாளம் இல்லாத ஸ்டேஷனும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, அயர்லாந்துக் கிராமம் ஒன்றில், பட்டு வேட்டியுடன் ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் மனைவி. அவள் மடியில் கூறைச் சேலை.

மனைவியின் அண்ணன் மகனுக்குப் பக்கத்து நகரத்தில் கல்யாணம். கூறை மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோக வேண்டியது. லண்டனில் எடுத்த சேலை என்பதால் பொறுப்பு எங்கள் தலையில். பதினொரு மணிக்கு முகூர்த்தம். கூறை போகாமல் தாலி ஏறாது.

தங்க இடம் பிடித்தது நான்தான். லண்டன் லூயிஷாமில் இத்தனை வருடம் இருந்தவனுக்கு வீடு என்றால் முதல் கேள்வி — ஸ்டேஷன் எவ்வளவு தூரம்? இணையத்தில் பார்த்த படத்தில் வாசலிலேயே பிளாட்பாரம், பெஞ்ச், கடிகாரம்! அதற்கு மேல் எதையாவது வாசிப்பேனா? பிளாட்பாரம் இருந்தால் ரயில் வரும் என்பது லண்டன்காரனின் குருட்டு நம்பிக்கை.

முதல் நாள் மாலை, கொட்டும் மழையில் மச்சான் எங்களைக் காரில் கொண்டுவந்து இறக்கினார். காலையில் கார் அனுப்பவா என்று கேட்டார்.

“தேவையில்லை மச்சான், ரயிலிலை வாறம்” என்றேன் பெருமையாக.

விடிந்தபோது பனிமூட்டம். அது விலகியதும் மனைவி சொன்னாள்: “இஞ்சாருங்கோ, ரயில் கிடக்கட்டும். தண்டவாளம் எங்கை?”

எட்டிப் பார்த்தேன். கீழே புல். நாலு பசு.

வீட்டுக்காரி நோரா ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டும் சிரிக்கவில்லை... பெரிய மனசு! அந்தப் பக்கம் டாக்ஸி கிடைக்காதாம். தன் வேனையே கிளப்பினார்.

வழியெல்லாம் ஸ்டேஷன் கதைதான். அவருடைய தாத்தா அங்கே ஸ்டேஷன் மாஸ்டர். சந்தை நாளில் மாடுகளை ஏற்றுவார்களாம். மற்ற நாட்களில் ஊர்ப் பிள்ளைகள் ஏறினார்கள் — கப்பல் பிடித்து, லண்டனுக்கு வேலைக்கு. பெற்றவர்கள் பிளாட்பாரத்தில் நின்று அழுவார்களாம். போனவர்கள் திரும்பவில்லை. ஏற ஆளில்லாமல் அறுபதுகளிலேயே பாதையை மூடி, தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். ஸ்டேஷன் கட்டிடம்தான் இப்போது நோராவின் வீடு; டிக்கெட் கொடுத்த ஜன்னல் அவர் சமையலறையில் இருக்கிறது.

பிள்ளைகளை வழியனுப்பியே வெறுமையான ஊர்... ஊரைவிட்டு வந்த நமக்குத் தெரியாததா? இன்னும் கேட்க வாய் திறந்தேன்.

“சரித்திரம் கேக்கிற நேரமே இது? மணியைப் பாருங்கோ!” மனைவி கிள்ளினாள். பத்தே முக்கால்.

மண்டப வாசலில் மச்சான் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஐயர் மந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். கூறை உள்ளே போனது. சற்று நேரத்தில் பொம்பிளை அதை உடுத்திக்கொண்டு வந்தாள். மேளம் கொட்டியது, தாலி ஏறியது. அப்பாடா! அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

நோராவையும் பந்தியில் உட்கார வைத்தோம். மச்சான் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன, ரயில் லேட்டோ?”

நான் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

“ஓம் அண்ணை... ஒரு அறுபது வருஷம்.”